ஓய்வூதியமும் ஒரு தேதியும்

திருவனந்தபுரத்தில் சாலைக் கம்போளத்தை அடுத்த வலியசாலையில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இராசராச சோழனின் மெய்க்கீர்த்தி கூறும் காந்தளூர்ச்சாலை இவ்விடமே என்று கருதுவாரும் உளர். அண்மைக்கால வரலாற்றை நோக்கினால், இத்தெருவின் பிழைப்பு பேனாவைச் சார்ந்தது எனலாம். திருவிதாங்கூர் அரசாட்சியிலும் அதற்குப் பின்னரும் இங்கிருந்து எத்தனையோ பேர் அரசாங்க உத்தியோகத்திற்குச் சென்றனர். நிலபுலம் இல்லாதாருக்கு மாதச் சம்பளமும் அதன்பின் வரும் பென்ஷனுமே சொத்து.

அந்தப் பென்ஷனை முன்னாளில் தமிழில் 'உபகாரச் சம்பளம்' என்றனர். மலையாளத்தில் 'அடுத்தூண்' என்பது பழைய வழக்கு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்விரு சொற்களும் சிந்தனைக்கு உரியன. முன்னது கொடுப்பவரின் தயவைக் குறிக்கிறது. பின்னதில் ஊண் என்னும் சொல் பெறுபவரின் வயிற்றை நினைவூட்டுகிறது. இன்று வழங்கும் 'ஓய்வூதியம்' என்பதிலோ, உழைத்ததற்கு உரிய ஊதியம் என்ற கருத்து அமைந்துள்ளது.

சொல் மாறியது போலவே சட்டக் கருத்தும் மாறியது. 1979-ஆம் ஆண்டில் மத்திய அரசு ஓய்வூதியக் கணக்கைத் தாராளமாக்கிற்று. ஆனால் அவ்வாண்டு மார்ச் 31 அன்றோ அதன் பின்னரோ ஓய்வு பெற்றவர்க்கே அப்பயன் உண்டு என்றது. 1972-இல் ஓய்வு பெற்ற நகாரா என்பவர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1982 டிசம்பர் 17 அன்று ஐவர் அடங்கிய அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஓய்வூதியம் எசமானரின் விருப்பத்தைப் பொறுத்த தானம் அன்று என்றும், ஓய்வு பெற்றோரை ஒரு தேதியைக் கொண்டு இரு கூறாக்குவது சமத்துவத்திற்கு முரண் என்றும் அது கூறிற்று. ஆண்டுதோறும் டிசம்பர் 17 ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடப்படுவது இதனாலேயே.

ஆயினும் தேதி வேறு வாயிலாகத் திரும்பி வந்தது. இம்முறை ஓய்வு பெறும் நாளை விடுத்து, பணியில் சேரும் நாளைக் கொண்டு கோடு கிழித்தனர். தமிழ்நாட்டில் 1-4-2003, மத்திய அரசில் 1-1-2004, கேரளத்தில் 1-4-2013. இந்நாட்களிலோ பின்னரோ சேர்ந்தவர்க்குப் பங்களிப்பு ஓய்வூதியம் என்று வகுத்தனர். பழைய முறையில் ஊழியர் எதுவும் செலுத்த வேண்டுவதில்லை. கஜானா கடைசிச் சம்பளத்தை ஒட்டி ஒரு தொகையை உறுதியாக அளித்தது. புதிய முறையில் ஊழியரும் அரசும் மாதந்தோறும் பணம் செலுத்துவர். அது சந்தையில் முதலீடு செய்யப்படும். விளைவது எவ்வளவோ, அவ்வளவே முதுமைக்கு.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கேரள அரசின் ஆணை 2013 ஜனவரி 7-இல் பிறந்தது. மறுநாளே எதிர்க்கட்சி சார்ந்த சங்கங்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கின. வேலைநிறுத்தம் செய்தவர்களோ பழைய ஓய்வூதியத்திற்கு உரியவர்கள். இன்னும் தேர்வுகூட எழுதாதவர்க்காக அவர்கள் சம்பளத்தை இழந்தனர்! ஊரார் இதை எளிதில் நம்பவில்லை. விவசாயத் தொழிலாளிக்கு 1980-இல் தொடங்கிய ஓய்வூதியமே மாதம் 45 ரூபாய்தான். அப்படியிருக்க உத்தியோகஸ்தர்க்கு இன்னும் என்ன குறை என்று கேட்டவர் உண்டு. அக்கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. நெடுநாள் வாழும் மக்களைக் கொண்ட மாநிலத்தில் கஜானாவின் சுமையும் மெய்யே. உம்மன் சாண்டி அரசுடன் நடந்த பேச்சுக்குப்பின், ஜனவரி 13 அன்று போராட்டம் முடிந்தது. கோடு அழியவில்லை.

தமிழ்நாட்டில் 2003 ஜூலை மாதம் நிகழ்ந்தது இதனினும் கடுமை. ஓய்வூதியம் முதலிய சலுகைகளின் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த சுமார் 1,70,000 பேர் ஒருசேர நீக்கப்பட்டனர். வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியர்க்கு அடிப்படை உரிமையோ தார்மிக உரிமையோ இல்லை என்று ஆகஸ்டு 6 அன்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. மன்னிப்பு எழுதிக் கொடுத்துப் பெரும்பாலோர் திரும்பினர்.

பிரான்சு தேசத்தில் போராட்டத்தின் வடிவமே வேறு. 1995-இன் இறுதியில் இரயில்கள் வாரக்கணக்கில் நின்றன. அரசு ஓய்வூதியத் திருத்தத்தைக் கைவிட்டது. 2023-இல் ஓய்வு வயதை 62-லிருந்து 64 ஆக்க முற்பட்டபோது இலட்சக்கணக்கானோர் வீதிக்கு வந்தனர். அங்கு வேலையிலிருக்கும் ஒவ்வொருவரின் வயதும் கணக்கில் வந்தது. ஆகவே எல்லோரும் எழுந்தனர். சட்டம் நிறைவேறியபோதிலும், 2025 டிசம்பரில் அதனைப் பாராளுமன்றம் நிறுத்திவைத்தது. கேரளத்திலோ ஓய்வு வயதை உயர்த்தினால் எதிர்ப்பவர் வேலையற்ற இளைஞர்! 2022-இல் பொதுத்துறை நிறுவனங்களில் வயதை 60 ஆக்கிய ஆணையை, இளைஞர் சங்கங்களின் எதிர்ப்பால் அரசு சில நாட்களிலேயே நிறுத்த நேர்ந்தது.

வலியசாலையில் இப்பொழுது ஒரே வீட்டில் இருவகையினரையும் காணலாம். தந்தைக்கு ஏஜீஸ் ஆபீஸ் அனுமதித்த ஓய்வூதியம் மாதந்தோறும் வருகிறது. அகவிலைப்படி உயர்ந்தால் அதுவும் உயரும். மகனுக்கோ கணக்கிலுள்ள தொகையின் ஏற்ற இறக்கமே செய்தி. வெளிமாநிலங்களில் மத்திய அரசுப் பணியிலிருக்கும் தமிழ் நேயர்கள் பலரும், நாமும், இம்மகனின் பக்கத்தைச் சேர்ந்தவர்களே.

இருபது ஆண்டு முறையீட்டின் பின் மத்திய அரசு 2024 ஆகஸ்டில் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தது. 25 ஆண்டு பணியாற்றியவர்க்குக் கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி உறுதி. ஆனால் ஊழியரின் பத்து சதவீதப் பங்கு தொடரும். 1-4-2025 முதல் நடைமுறைக்கு வந்த இதனை ஏற்பவர் எழுத்து மூலம் விருப்பம் தெரிவிக்க வேண்டும். அதற்கான கெடு செப்டம்பரிலிருந்து நவம்பர் 30 வரை நீட்டிக்கப்பட்டது. படிவம் கொடுத்தவர்கள் சிறு பகுதியினரே.