நினைவை ஆராய்ந்த வாலென்சியா அறிஞர்

கற்றலுக்கு அடிப்படையாவது நினைவு. கண்டதும் கேட்டதும் நெஞ்சில் தங்காவிடில் கல்விக்கு இடமே இல்லை. ஆயினும் நினைவு எவ்வாறு உண்டாகிறது, ஏன் மறைகிறது, எதனால் மீண்டும் எழுகிறது என்னும் வினாக்களை ஆசிரியர்களாகிய நாம் நின்று எண்ணிப் பார்ப்பது குறைவு. பாடத்தை மனனம் செய்யாத மாணவனைச் சோம்பேறி என்கிறோம். மனனம் செய்து ஒப்புவிப்பவனைக் கிளிப்பிள்ளை என்கிறோம். இவ்விரு தீர்ப்புகளையும் கடந்து நினைவின் இயல்பை ஆராய்ந்தவர், பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்பெயின் நாட்டு அறிஞர் ஹுவான் லூயிஸ் விவெஸ். அவருடைய வாழ்க்கையும் ஆராய்ச்சியும் ஒன்றையொன்று விளக்குவன. ஆதலின் இரண்டையும் சேர்த்தே நோக்குவோம்.

நினைவே குற்றமான நாடு

ஸ்பெயினின் கிழக்குக் கடற்கரை நகரமாகிய வாலென்சியாவில், 1493-ஆம் ஆண்டையொட்டி விவெஸ் பிறந்தார். அதற்குச் சற்று முன்னர், 1492-இல், கிறித்துவத்தை ஏற்காத யூதர் அனைவரும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று அரசு ஆணையிட்டிருந்தது. விவெசின் குடும்பத்தார் யூத மரபிலிருந்து கிறித்துவம் தழுவியவர்கள். இத்தகையோர் முன்னோரின் நோன்புகளையும் வழிபாட்டையும் மறைவில் பேணுகின்றனரோ என்று ஐயுற்றுத் துருவி ஆராய்வதைச் சமய விசாரணை மன்றம் தன் கடமையாகக் கொண்டது. சுருங்கக் கூறின், பாட்டன் வழிபட்ட முறையைப் பேரன் மறவாதிருத்தலே அந்நாளில் தண்டனைக்குரிய குற்றமாயிற்று.

விவெசின் தாயார் பிளாங்கினா மார்ச் 1508-இல் கொள்ளைநோயால் இறந்தார். அடுத்த ஆண்டு விவெஸ் பாரிஸ் நகருக்குப் படிக்கச் சென்றார். பின்னர் இன்றைய பெல்ஜியத்தில் உள்ள புருஜ் நகரைத் தம் இருப்பிடமாக்கிக் கொண்டார். 1522-இல், ஸ்பானிய மொழிக்கு முதல் இலக்கணம் வகுத்த நெப்ரிஹா மறைந்ததும், அவர் வகித்த பேராசிரியர் பதவியை ஏற்குமாறு அல்காலா பல்கலைக்கழகம் விவெசை அழைத்தது. அவர் செல்லவில்லை. 1523-இல் இங்கிலாந்துக்குச் சென்று ஆக்ஸ்போர்டில் விரிவுரை நிகழ்த்தினார்.

1524-இல் அவருடைய தந்தையார் வாலென்சியாவில் சமய விசாரணை மன்றத்தின் தீர்ப்புக்கு ஆளாகித் தீயிலிடப்பட்டார். கொடுமை அத்துடன் நிற்கவில்லை. இறந்து இருபது ஆண்டுகளான தாயார் மீதும் வழக்குத் தொடுத்து, 1520-களின் இறுதியில் அவரைக் குற்றவாளி எனத் தீர்த்து, கல்லறையிலிருந்த எலும்புகளைத் தோண்டியெடுத்து எரித்தனர். பெண்கல்வி பற்றி 1524-இல் வெளிவந்த தம் நூலில் அத்தாயாரை நல்லறத்தின் சான்றாகப் பெயர் சுட்டிப் போற்றியிருந்தார் மகன். 1540-இல் புருஜ் நகரில் உயிர் நீக்கும் வரை விவெஸ் பிறந்த ஊரை மீண்டும் காணவில்லை.

சேரிப் பழமும் காய்ச்சலும்

இத்தகைய வாழ்வு வாழ்ந்தவர் 1538-இல் 'ஆன்மாவும் வாழ்வும்' எனப் பொருள்படும் இலத்தீன் நூலை வெளியிட்டார். அதில் நினைவைப் பற்றி அவர் எழுதிய பகுதி, பிற்கால உளவியலுக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. அவருக்கு முன்னிருந்தோர் பலரும் ஆன்மா என்றால் என்ன என்று வாதிட்டனர். விவெசோ, அது என்ன என்பதைவிட, அது எவ்வாறு செயற்படுகிறது என்று அறிவதே நமக்குப் பயன் தருவது என்றார். இந்நோக்கில், தம் வாழ்வில் நேர்ந்தவற்றையே சான்றாகக் கொண்டார்.

சிறுவனாக வாலென்சியாவில் காய்ச்சலுற்று, நாவின் சுவை கெட்டிருந்த வேளையில் அவர் சேரிப் பழம் உண்டார். பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் அப்பழத்தைச் சுவைக்கும்போதெல்லாம் காய்ச்சல் நினைவுக்கு வந்ததோடன்றி, மீண்டும் காய்ச்சல் கண்டது போன்றே தோன்றியது என்கிறார். ஒருங்கே உணரப்பட்ட இரண்டனுள் ஒன்று மீண்டும் தோன்றின் மற்றொன்றும் உடன் எழும் என்பது இதனால் அவர் கண்ட உண்மை.

இன்னுமொரு நுட்பத்தையும் அவர் கண்டார். பிரசல்ஸ் நகரில் அரண்மனைக்கு எதிரே இருந்த ஒரு வீட்டில் அவருடைய நண்பர் முன்னர் வாழ்ந்தார். அவ்வீட்டைக் காணும்போதெல்லாம் நண்பர் நினைவுக்கு வருகிறார். ஆனால் நண்பரை நினைக்கும்போதெல்லாம் வீடு நினைவுக்கு வருவதில்லை. சிறியது பெரியதை எழுப்பும் அளவுக்குப் பெரியது சிறியதை எழுப்புவதில்லை. நம் உள்ளம் எதனை அருமையாகக் கருதுகிறதோ, அதனை நோக்கியே நினைவு ஓடுகிறது என்பது இதன் பொருள்.

மறதியையும் அவர் ஒரே வகையாகக் கொள்ளவில்லை. பதிந்தது அறவே அழிந்து போவதும் உண்டு. அழியாமலே தேடுவோர்க்கு அகப்படாமல் ஒளிந்திருப்பதும் உண்டு. நோயாலும் மனக்கலக்கத்தாலும் மூடப்பட்டுக் கிடப்பதும் உண்டு. விடை கூறாது நிற்கும் மாணவன் இவற்றுள் எந்நிலையில் இருக்கிறான் என்று அறியாமல் பிரம்பை எடுப்பது தகுமா என்பதை ஆசிரியர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வகுப்பறைக்கு அவர் கூறியவை

விவெஸ் மனனத்தை இகழ்ந்தவர் அல்லர். நினைவுக்கு நாள்தோறும் பயிற்சி வேண்டும் என்றார். இரவில் உறங்குமுன் கருத்துடன் சிலமுறை படித்து, காலையில் அதனைத் தம்மிடமே கேட்டுப் பார்க்குமாறு மாணவர்க்கு அறிவுரை கூறினார். அரிய சொற்களையும் கருத்துகளையும் தம் கையாலேயே குறிப்பேட்டில் எழுதி வைக்கச் சொன்னார். கருத்தூன்றாமல் கற்றது தங்காது என்பது அவர் கொள்கை. 1531-இல் வெளிவந்த கல்வி பற்றிய பெருநூலில், ஆசிரியர் மாணவரின் தாய்மொழியைச் செவ்வனே அறிந்திருக்க வேண்டும் என்றும், ஆசிரியர்கள் அவ்வப்போது கூடி ஒவ்வொரு மாணவரின் இயல்பையும் ஆராய வேண்டும் என்றும் வற்புறுத்தினார்.

இறுதி ஆண்டுகளில் சிறுவர்க்கென இலத்தீன் உரையாடல் நூலொன்று இயற்றி, பின்னாளில் இரண்டாம் பிலிப் மன்னராக விளங்கிய இளவரசருக்கு அதனைப் படைத்தார். அதில் ஓர் உரையாடலில், வாலென்சியாவைச் சேர்ந்தவர்கள் பந்தாட்டம் பற்றிப் பேசிக்கொண்டே அந்நகரத் தெருக்களில் நடக்கின்றனர். அவர்களுள் ஒருவர், விவெஸ் பிறந்த வீட்டைக் காண விரும்புவதாகக் கூறுகிறார். தந்தையை எரித்த நகரைப் பற்றி அந்நூலில் ஒரு கடுஞ்சொல்லும் இல்லை. முப்பது ஆண்டுகளாகக் காணாத தெருக்களை மட்டும் வரிசை தவறாமல் நினைவுகூர்கிறார். ஐரோப்பியச் சிறுவர் தலைமுறை தலைமுறையாக அந்நூலைப் பயின்றனர். எரித்து அழிக்க எண்ணிய ஒரு குடும்பத்தின் வீடு, இவ்வாறு பாடநூலில் நிலைபெற்றது.

மருத்துவர் ஒருவரின் மறுகருத்து

விவெசுக்குப் பின் 1575-இல், பாயேசா நகர மருத்துவர் ஹுவார்த்தே என்பவர் மாணவரின் அறிவுத்திறன்களை ஆராயும் நூலொன்றை ஸ்பானிய மொழியில் வெளியிட்டார். நினைவுக்கு மூளையில் ஈரம் வேண்டும். பகுத்தறிவுக்கு வறட்சி வேண்டும். கற்பனைக்கு வெம்மை வேண்டும். ஆகவே சிறந்த நினைவும் சிறந்த பகுத்தறிவும் ஒருவரிடம் ஒருங்கே அமைதல் அரிது என்பது அவர் வாதம். மாணவரின் இயல்பை முதலிலேயே தேர்ந்து, அதற்கேற்ற கல்வியில் மட்டும் ஈடுபடுத்த வேண்டும் என்றும் அவர் கருதினார். இந்நூலும் சமய விசாரணை மன்றத்தின் தணிக்கைக்குத் தப்பவில்லை. திருத்திய பதிப்பு அவர் மறைவுக்குப் பின் 1594-இல் வெளிவந்தது.

1605-இல் செர்வாந்தெஸ் படைத்த தோன் கிஹோத்தே, உறக்கமின்றி வீரகதைகளைப் படித்து மூளை வறண்டு அறிவு திரிந்தவன். இப்படைப்பில் ஹுவார்த்தேயின் செல்வாக்கு உண்டு என 1905-இல் சாலிலாஸ் என்னும் ஆய்வாளர் எடுத்துரைத்தார். தான் கற்ற கதைகளை எல்லாம் நெஞ்சில் நிறைத்தவன் அவ்வீரன். அவற்றை உலகோடு ஒப்பிட்டு நோக்கும் தேர்ச்சியே அவனிடம் இல்லை.

ஈரம், வறட்சி என்னும் மருத்துவக் கொள்கை இன்று மறைந்துவிட்டது. ஆயினும், 'இவன் மனனம் செய்பவன், சிந்திக்கத் தெரியாதவன்' என்று மாணவனை ஒரே சொல்லில் முத்திரையிடும் பழக்கம் நம் பள்ளிகளிலிருந்து மறையவில்லை. அம்முத்திரையை விவெஸ் ஏற்கமாட்டார். உணர்வோடும் பொருளோடும் இணைந்து பதிந்ததே நிலைக்கிறது என்பதைத் தம் வாழ்வாலும் ஆராய்ச்சியாலும் காட்டியவர் அவர். மாணவர் நெஞ்சில் ஒரு பாடலையோ வரலாற்றையோ பதிக்க விரும்பும் ஆசிரியர், அதனோடு இணைந்து நிற்கப்போவது அச்சமா, அன்பா என்பதை முதலில் தீர்மானித்தல் வேண்டும். பல ஆண்டுகள் கழித்து அப்பாடலைக் கேட்கும்போது, அம்மாணவர் நெஞ்சில் அதுவும் உடன் எழும்.