ப்ரீஆம்ப் வால்வு: கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் தொனியும் பழைய வால்வுத் தேர்வும்

மின்கிட்டாரின் பிக்கப்பிலிருந்து வரும் மெல்லிய சிக்னலை, பவர் வால்வுகளை ஓட்டும் அளவுக்கு உயர்த்தித் தரும் சிறிய வெற்றிடக் குழலே ப்ரீஆம்ப் வால்வு. ஸ்பீக்கரை அதிரவைக்கும் வலு பவர் வால்வுகளுடையது. ஆனால் சிக்னல் முதலில் நுழையும் இடத்தில் இருப்பது ப்ரீஆம்ப் வால்வு. அங்கே ஒட்டிக்கொள்ளும் இரைச்சலும் தன்மையும் அடுத்தடுத்த கட்டங்களில் பெருகிக்கொண்டே போகும். 1950களிலிருந்து 1970கள் வரை அமெரிக்க, ஐரோப்பிய ஆலைகளில் செய்யப்பட்ட வால்வுகளைத் தேடிப்பிடித்துப் பொருத்தி ஆம்ப்பின் தொனியைச் செதுக்கும் வழக்கம், கிட்டார் கலைஞர்களிடையே தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது.

இந்த வால்வுக்கு மூதாதை, லீ டி ஃபாரஸ்ட் 1906–07இல் உருவாக்கிய ஆடியான். ஃபிளெமிங் என்பவர் 1904இல் செய்த இருமுனை வால்வுக்குள் அவர் மூன்றாவது முனையாகக் கிரிட்டைச் சேர்த்தார். கிரிட்டில் மின்னழுத்தம் சிறிது மாறினாலும், கேத்தோடிலிருந்து பிளேட்டுக்குப் பாயும் எலக்ட்ரான் ஓட்டம் பெரிதாகக் கூடிக் குறையும். வானொலியும் திரைப்பட ஒலியும் இதன்மேல்தான் எழுந்தன. கிட்டார் ஆம்ப் பிறகுதான் வந்தது. 1940களின் ஆம்ப்களில் 6எஸ்சி7, 6எஸ்ஜே7 போன்ற எட்டு பின் வால்வுகள் இருந்தன.

திருப்பம் 1947இல் வந்தது. அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் 12ஏஎக்ஸ்7 என்ற ஒன்பது பின் வால்வை வெளியிட்டது. கட்டைவிரல் அளவுக் கண்ணாடிக்குள் இரண்டு டிரையோடுகள், அதாவது மும்முனை வால்வுகள். ஒவ்வொன்றின் பெருக்கக் காரணி 100. ஹீட்டரை 12.6 வோல்ட்டிலும் ஓட்டலாம், 6.3 வோல்ட்டிலும் ஓட்டலாம். இதே வால்வுக்கு ஐரோப்பாவில் இசிசி83 என்று பெயர். இதற்கு உறவான வால்வுகள் பலவற்றுக்கும் பின் அமைப்பு ஒன்றே: பெருக்கக் காரணி 70 கொண்ட 5751, 60 கொண்ட 12ஏடி7, 40ஐ ஒட்டிய 12ஏஒய்7, 20ஐ நெருங்கும் 12ஏயூ7. ஒன்றைப் பிடுங்கிவிட்டு அதே சாக்கெட்டில் இன்னொன்றைச் செருக முடிகிறது என்பதால்தான் வால்வுத் தேர்வு என்ற பேச்சுக்கே இடம் வந்தது.

இந்தப் பெருக்க வேறுபாடு இசை வரலாற்றையே மாற்றிய இடம் ஒன்று உண்டு. ஃபெண்டர் நிறுவனம் 1950களின் பிற்பகுதியில் வெளியிட்ட 5எஃப்6-ஏ பாஸ்மேன் ஆம்ப்பில் முதல் வால்வு 12ஏஒய்7. பாஸ் கிட்டாருக்காகச் செய்த ஆம்ப் என்பதால் தெளிவே குறிக்கோளாக இருந்தது. 1962இல் லண்டன் ஹான்வெல்லில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், கென் பிரானுடனும் டட்லி கிரேவனுடனும் சேர்ந்து அந்தச் சுற்றையே அடியொற்றி ஜேடிஎம்45 ஆம்ப்பை உருவாக்கினார். முதல் இடத்திலும் இசிசி83 ஏறியது. வழக்கமான 1 லட்சம் ஓம் பிளேட் ரெசிஸ்டருடன் 12ஏஒய்7 ஏறக்குறைய 35 மடங்கு பெருக்கித் தரும் இடத்தில், இசிசி83 60 மடங்கைத் தொடும். பின்வரும் கட்டங்கள் சீக்கிரமே திணறத் தொடங்கின. அந்தத் திணறலே பிரிட்டிஷ் ராக் இசையின் குரலாயிற்று. ஸ்பீக்கரும் டிரான்ஸ்ஃபார்மரும்கூட வேறுதான். ஆனாலும் முதல் வால்வின் பங்கைக் குறைத்து மதிப்பிட முடியாது.

வாக்ஸ் நிறுவனத்தின் கதை வேறு விதம். டிக் டென்னி வடிவமைத்த ஏசி15 ஆம்ப்பில் இஎஃப்86 என்ற பென்டோடு (ஐந்துமுனை) வால்வு இருந்தது. செழுமையான ஒலி தரும் வால்வு அது. ஆனால் பின்வந்த 30 வாட் ஏசி30 ஆம்ப்பின் அதிர்வு தாங்காமல் உள்ளுறுப்புகள் நடுங்கி, அந்த நடுக்கமே ஒலியாக வெளிவந்தது. இதை மைக்ரோஃபோனிக் என்பார்கள். அதனால் அந்த ஆம்ப்பில் வாக்ஸ் இசிசி83க்கு மாறியது.

வால்வு திணறும்போது நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். சிக்னலின் ஒரு பாதி உயரும்போது கிரிட் நேர் மின்னழுத்தம் அடைந்து தானே மின்னோட்டத்தை இழுக்க, அலையின் அந்த முனை மழுங்குகிறது. மறுபாதியில் எலக்ட்ரான் ஓட்டமே நின்று, அலை வெட்டுப்படுகிறது. இரண்டும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. இந்தச் சமனின்மையால் வாசித்த சுரத்தோடு அதன் மேல் ஸ்தாயிச் சுரமும் கலந்துவிடுகிறது. காதுக்கு இதமான தடிமன் என்று வாசிப்பவர்கள் சொல்வதில் பெரும்பங்கு இதுதான்.

அந்தக் காலத்து வாசிப்பாளர்கள் வால்வைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆம்ப்போடு வந்ததை வைத்து வாசித்தார்கள். கெட்டுப்போனால், அமெரிக்காவில் மருந்துக்கடையிலேயே இருந்த சோதனைக் கருவியில் செருகிப் பார்த்து, அங்கேயே புதிது வாங்கினார்கள். இங்கிலாந்தின் பிளாக்பர்னில் முல்லார்ட், ஜெர்மனியின் உல்மில் டெலிஃபுங்கன், நெதர்லாந்தின் ஹேர்லனில் பிலிப்ஸ், நியூஜெர்சியின் ஹாரிசனில் ஆர்சிஏ என்று பேராலைகள் ஓடிய காலம். அவற்றின் வாடிக்கையாளர்கள் வானொலி, தொலைக்காட்சி, ராணுவம். பழைய வால்வுகளின் தரத்துக்கு இதுவே முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு: எண்ணிக்கை பெரிது, சோதனை கடுமை, உலோகமும் வேதிப்பூச்சும் பற்றிய அறிவு ஆலைக்குள்ளேயே இருந்தது. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961இல் வானொலி வால்வு உற்பத்தியைத் தொடங்கியது; அங்கே செய்த இசிசி83 வால்வுகளும் இன்று தேடப்படுகின்றன.

டிரான்சிஸ்டர் வந்ததும் அந்த உலகம் சரிந்தது. ஆர்சிஏ 1976இல் ஹாரிசன் ஆலையில் வால்வு உற்பத்தியைக் கைவிட்டது. மற்ற ஆலைகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பெட்டி பிரிக்காமல் கிடங்குகளில் கிடந்த சரக்கும், ராணுவம் கழித்துவிட்ட சரக்கும்தான் மிஞ்சின. புதிய வரவு நின்றதும் எஞ்சியவற்றை ஒப்பிடும் பழக்கம் வந்தது, கூடவே விலையும் ஏறியது.

கண்ணாடியில் அச்சிட்ட பெயரை நம்பக் கூடாது. நிறுவனங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கித் தம் பெயரை அச்சிட்டு விற்றன. அச்சும் விரல் பட்டாலே அழியக்கூடியது. முல்லார்ட், பிலிப்ஸ் வால்வுகளில் கண்ணாடியின் அடிப்பகுதியைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் சாம்பல் நிறத்தில் இரண்டு வரிக் குறியீடு தெரியும். முதல் வரி வால்வின் வகையையும் அதன் மாற்றத்தையும் சொல்லும். இரண்டாம் வரியில் ஆலையின் எழுத்து, ஆண்டின் கடைசி இலக்கம், மாதம், வாரம். ஆண்டுக்கு ஒரே இலக்கம் என்பதால் 1963ஆ 1973ஆ என்பதை உள்ளமைப்பைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். டெலிஃபுங்கனுக்கு அடையாளம், அடிக் கண்ணாடியில் பின்களுக்கு நடுவே வார்த்த வைர வடிவம். உச்சியில் வெள்ளிபோல் மின்னும் பூச்சு, மிச்சக் காற்றை உறிஞ்சுவதற்கான பேரியம். அது வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, வால்வு பயன்படாது.

பிளேட்டின் நீளத்தையும் கவனிக்க வேண்டும். 1950களின் 17 மில்லிமீட்டர் நீளப் பிளேட்டுகள் அகன்ற ஒலி தருவதாகப் புகழப்படுகின்றன. ஆனால் அதிர்வுக்கு எளிதில் நடுங்கும். ஸ்பீக்கரும் ஆம்ப்பும் ஒரே பெட்டியில் இருக்கும் காம்போ வகைக்குக் குட்டைப் பிளேட்டே பாதுகாப்பு. ஆம்ப் ஓடும்போது பென்சிலால் வால்வை மெல்லத் தட்டினால் மணிபோல் ஒலிக்கும் வால்வை உடனே இனம் காணலாம்.

முல்லார்ட் என்றால் கதகதப்பு, டெலிஃபுங்கன் என்றால் துல்லியம் என்ற பேச்சில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் ஒரே ஆலையின் இரு வால்வுகளுக்கு இடையிலும் பெருக்கமும் இரைச்சலும் மாறுபடும். வகையை மாற்றினால் கிடைக்கும் வேறுபாடு, பெயரை மாற்றினால் கிடைப்பதைவிடப் பெரிது. கரடுமுரடாக ஒலிக்கும் ஆம்ப்பின் முதல் இடத்தில் 5751ஐ வைத்துப் பார்ப்பது, அரிய முல்லார்டுக்குப் பெருந்தொகை கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை. நல்ல பழைய வால்வு கையில் இருந்தால் முதல் இடத்தில்தான் வைக்க வேண்டும். பின்கட்டங்களில் அதன் அருமை அவ்வளவாகக் கேட்காது.

இன்று ஸ்லோவாக்கியாவின் சாட்சா நகரில் ஜேஜே எலெக்ட்ரானிக், ரஷ்யாவின் சரடோவில் எக்ஸ்போபுல், சீனாவில் சில ஆலைகள் என்று உற்பத்தி சுருங்கிவிட்டது. 2022இல் ரஷ்ய ஏற்றுமதித் தடையால் சில காலம் தட்டுப்பாடும் வந்தது. முல்லார்ட், டங்சால் ஆகிய பழைய வணிகப்பெயர்கள் இப்போது அமெரிக்காவின் நியூ சென்சார் நிறுவனத்திடம் உள்ளன. அப்பெயர்களில் விற்கும் புதிய வால்வுகள் சரடோவில் செய்யப்படுகின்றன. அவற்றில் நல்ல வால்வுகளும் உண்டு, பிளாக்பர்ன் குறியீடு மட்டும் இருக்காது.