காற்றில் வந்த துரு

ரொட்டித் துண்டில் பூஞ்சணம் வளர்க்கும் சோதனையை வகுப்பில் நடத்தும்பொழுதெல்லாம், "ஐயா, இஃது எங்கிருந்து வந்தது?" என மாணவர் ஒருவரேனும் வினவுவார். காற்றிலிருந்து என்பதே விடை. அவ்விடையை இலங்கைத் தோட்டங்கள் பெருவிலை கொடுத்துக் கற்ற வரலாற்றை ஆசிரிய நண்பர்களோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

1869இல் இலங்கையின் மடுல்சீமைப் பகுதியில், காப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி காணப்பட்டது. அதுதான் துரு நோய். பெர்க்கிலி என்னும் ஆங்கிலேய அறிஞர் அவ்வாண்டிலேயே நோய்க்குக் காரணமான பூஞ்சணத்திற்குப் பெயரும் சூட்டிவிட்டார். தோட்டத் துரைமாரோ பெரிதும் அஞ்சவில்லை. காப்பிக்கு நல்ல விலை கிடைத்ததால், மேலும் காடழித்துக் காப்பியையே நட்டனர்.

1880இல்தான் மார்ஷல் வார்டு என்னும் இளம் தாவரவியலாளர் அங்கு அனுப்பப்பட்டார். அவர் தோட்டங்களில் கண்ணாடித் தகடுகளை வைத்துக் காற்றில் மிதந்து வருவதைப் பிடித்தார். நுண்ணோக்கியில் பூஞ்சணத்தின் சிதல்கள், அதாவது விதை போன்ற நுண்துகள்கள், தென்பட்டன. ஈர இலையில் விழும் சிதல் முளைத்து, இலைத்துளை வழியே உள்ளே புகுகிறது; கண்ணுக்குப் பொட்டுத் தெரியும் முன்பே இலை நோயுற்றுவிடுகிறது என அவர் நிறுவினார். மலை முழுதும் இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டது நோய்க்கு வழி திறந்துவிட்டது என்றும் எடுத்துரைத்தார்.

ஆனால் கையில் மருந்தில்லை. வார்டு 1882இல் தாயகம் திரும்பினார். பிரான்சில் திராட்சைக் கொடிகளுக்கான போர்டோ கலவை அறிவிக்கப்பட்டது 1885இல்! அதற்கு முந்திய ஆண்டே ஓரியண்டல் வங்கி வீழ்ந்தது. தமிழகத்திலிருந்து சென்று காப்பிக்காடுகளில் உழைத்த நம் மக்கள் பிழைப்பை இழந்தனர். தேயிலையின் வெற்றியைப் பேசும் நூல்கள் இதனை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு வருத்தமே.

காப்பியின்றி வாழலாம். உணவுப் பயிர் என்றால்? 1916இல் வட அமெரிக்கக் கோதுமையைத் தண்டுத் துரு பெரிதும் அழித்தது. 1921இல் ஸ்டேக்மன் குழுவினர் வெசலின் பூசிய தகடுகளை விமானத்தில் ஏற்றிச் சென்று வானிலேயே சிதல்களைப் பிடித்தனர். 10,000 அடிக்கு மேலும் அவை கிடைத்தன. தெற்கு வயல்களில் பெருகும் நோய் காற்றேறி வடக்கே செல்வது பின்னர் தெளிவாயிற்று. தெற்கைக் கண்காணித்தால் வடக்கு முன்கூட்டியே விழித்துக்கொள்ளலாம்.

1952இல் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஹர்ஸ்ட் ஒரு கருவியை வெளியிட்டார். அது நிமிடத்திற்கு 10 லிட்டர் காற்றை உறிஞ்சும். உள்ளே பசைத் தகடு மணிக்கு 2 மில்லிமீட்டர் நகரும். எந்தச் சிதல் எந்த நேரத்தில் வந்தது என்பதைத் தகட்டிலேயே வாசிக்கலாம். இன்று பொறியில் சிக்கியதை மரபணுச் சோதனையால் இனங்காண்கின்றனர்.

அடுத்த முறை ரொட்டித் துண்டோடு, வெசலின் பூசிய தகடு ஒன்றையும் பள்ளித் தோட்டத்தில் வைக்க எண்ணியுள்ளேன். நல்ல நுண்ணோக்கி ஒன்றுதான் கிடைக்கவேண்டும்.