கசாப்புக் கூடமும் மளிகைக் கடையும்

மேலாண்மை நூல்கள் என்றாலே இலக்கிய வாசகர்களுக்கு ஓர் இளக்காரம் உண்டு. எறும்பிடம் சுறுசுறுப்பையும் நதியிடம் விடாமுயற்சியையும் கற்றுக்கொள்ளச் சொல்லும் அந்நூல்களைப் புரட்டினால் அந்த இளக்காரம் நியாயம்தான் என்றும் தோன்றும். ஆயினும், தொழிலுக்குச் சற்றும் தொடர்பில்லாத இடத்திலிருந்து பெற்ற பாடம் தொழிலுலகையே புரட்டிப் போட்டது சென்ற நூற்றாண்டில் இருமுறையேனும் நிகழ்ந்திருக்கிறது. இரண்டும் மோட்டார் வாகனத் தொழிலில் நிகழ்ந்தவை. முதற்பாடம் கசாப்புக் கூடத்திலிருந்து வந்தது. அடுத்தது மளிகைக் கடையிலிருந்து வந்தது.

உவமம் தோன்றும் வகைகளாக வினை, பயன், மெய், உரு என நான்கைத் தொல்காப்பியர் கூறுகிறார். வடிவாலும் நிறத்தாலும் ஒத்திருப்பதை எவரும் காண்பர். செயலாலும் விளைவாலும் ஒத்திருப்பதைக் காண்பதற்கு வேறொரு கண் வேண்டும். அந்தக் கண் கவிஞர்க்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இவ்விரு வரலாறுகளும் சான்று. உவமிக்கும் பொருள் உயர்ந்ததாக இருத்தல் வேண்டும் என்ற மரபை மட்டும் இங்கே சற்று ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது.

சிகாகோவின் கசாப்புக் கூடங்களில் மாட்டின் உடல் மேல்தடத்தில் தொங்கியபடி நகரும். தொழிலாளி நின்ற இடத்திலேயே நிற்பார். ஒருவர் தோலை உரிப்பார், அடுத்தவர் ஓர் உறுப்பை அறுப்பார். ஃபோர்டு நிறுவனத்தின் வில்லியம் கிளான் இதனை நேரில் பார்த்தார். ஒரு விலங்கை இவ்வாறு பிரிக்க முடியுமானால் ஒரு வண்டியை இவ்வாறே கோக்கவும் முடியும் என்பது அவருக்குத் தோன்றியது. ஹென்றி ஃபோர்டும் 1922-இல் வெளியான தம் வரலாற்று நூலில், சிகாகோ இறைச்சித் தொழிலுக்குத் தாம் பட்ட கடனைக் குறிப்பிடுகிறார். 1913-இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் வரிசை ஓடத் தொடங்கியது. பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த வண்டிச் சட்டகக் கோப்பு, அடுத்த ஆண்டுக்குள் 93 நிமிடமாகச் சுருங்கியது.

வினையும் பயனும் கச்சிதமாகப் பொருந்திய உவமம் இது. ஆனால் அதில் ஒன்று விடுபட்டிருந்தது. அதே கசாப்புக் கூடங்களைப் பற்றி அப்டன் சின்கிளேர் 1906-இல் ‘தி ஜங்கிள்’ என்னும் நாவலை வெளியிட்டிருந்தார். புலம்பெயர்ந்து வந்த தொழிலாளர்கள் அங்கே எவ்வாறு நசுக்கப்பட்டனர் என்பதே அவர் சொல்ல வந்தது. வாசகர்களோ இறைச்சியின் அசுத்தத்தைக் கண்டு அதிர்ந்தனர். அதே ஆண்டில் இறைச்சிச் சோதனைச் சட்டம் வந்தது. தொழிலாளியின் துயரத்திற்குச் சட்டம் எதுவும் வரவில்லை. ஏழாண்டுகள் கழித்துத் தடத்தின் பாடத்தைப் படித்த தொழிலதிபர்களும் அத்தொழிலாளியைப் பார்க்கவில்லை.

விளைவு உடனே தெரிந்தது. 1913-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 14,000 பேரை வேலையில் நிறுத்திவைக்க, 52,000-க்கும் மேற்பட்டோரை ஃபோர்டு வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. வந்தவர்கள் நிற்கவில்லை. நாள் முழுதும் ஒரே திருகாணியை முடுக்கும் வேலையில், வேகத்தைத் தீர்மானிப்பது தன் கையன்று, வரிசை என்று உணர்ந்தவன் வெளியேறினான். 1914 சனவரியில் நாளொன்றுக்கு ஐந்து டாலர் என்ற ஊதியத்தை அறிவித்து, ஏறக்குறைய இருமடங்கு கூலி கொடுத்தே அவர்களைத் தக்கவைக்க முடிந்தது. அந்த அறிவிப்பை வள்ளன்மை என்று புகழ்வோர் அதற்கு முந்தைய ஆண்டின் கணக்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இந்த ஃபோர்டு முறையை எட்டிப் பிடிக்க எண்ணியவர்களுள் ஒருவர் சப்பானின் தைய்ச்சி ஓனோ. போருக்குப் பிந்தைய டொயோட்டாவிடம் பணமும் இல்லை, உதிரிப் பாகங்களைக் குவித்து வைக்க வசதியும் இல்லை. 1950-இல் ஆட்குறைப்பும் வேலைநிறுத்தமும் உச்சத்தை அடைந்து, நிறுவனர் கிய்ச்சிரோ டொயோடா பதவி விலகினார். அந்நிலையில் ஓனோவின் மனத்தில் இருந்தது அமெரிக்க ஆலை மட்டுமன்று, அமெரிக்க மளிகைக் கடையும்தான்.

அமெரிக்காவிலும் அது பழைய வழக்கமன்று. கடைக்காரர் எடுத்துத் தரும்வரை வாங்குபவர் காத்திருந்த காலத்தை மாற்றி, தாமே எடுத்துக்கொள்ளும் முறையைக் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் 1916-இல் மெம்பிஸ் நகரில் ‘பிக்லி விக்லி’ கடையில் புகுத்தினார். அடுக்கில் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவே நிரப்பப்படும். பின்னால் வரும் வேலைப்பிரிவை வாங்குபவராகவும் முன்னால் இருக்கும் பிரிவைக் கடையாகவும் ஓனோ கண்டார். எடுத்ததற்கு ஈடாக மட்டுமே செய். அதற்கு அடையாளமாக ஓர் அட்டை. அந்த அட்டைதான் ‘கான்பன்’. 1956-இல் அமெரிக்கா சென்ற ஓனோ வாகன ஆலைகளோடு அக்கடைகளையும் நேரில் கண்டார்.

இதனோடு வேறொரு பாடத்தையும் அவர் சேர்த்தார். அவர் முதலில் பணிக்குச் சேர்ந்தது டொயோடா குடும்பத்தின் நூற்பு நெசவு ஆலையில். கிய்ச்சிரோவின் தந்தை சகிச்சி 1924-இல் நிறைவு செய்த தானியங்கித் தறி, பாவு நூல் ஒன்று அறுந்தாலும் தானே நின்றுவிடும். பழுதான துணியை மேலும் மேலும் நெய்யாது. அந்தக் குணத்தை ஓனோ வாகன வரிசைக்குக் கொண்டுவந்தார். குறை கண்ட தொழிலாளி கயிற்றை இழுக்கலாம். உரிய நேரத்தில் குறை தீராவிட்டால் வரிசை நிற்கும்.

கசாப்புக் கூடத்தின் தடத்தை, வெட்டுகிற கை நிறுத்த முடியாது. தறியின் பாடத்திலோ நிறுத்துவது அடிப்படை. ஒரே வகை ஆலை, ஒரே பொருள். ஆயினும் எங்கிருந்து கற்றார்கள் என்பதற்கேற்ப உள்ளே நிற்கும் மனிதனின் நிலை சிறிதாவது மாறியிருக்கிறது.

சிறிதாவது என்று சொல்லக் காரணம் உண்டு. சதோஷி கமாதா என்னும் இதழாளர் 1972-இல் டொயோட்டாவில் தற்காலிகத் தொழிலாளியாகச் சேர்ந்து ஆறு மாதம் வேலை செய்தார். மறு ஆண்டு அவர் வெளியிட்ட நாட்குறிப்பு, அவ்வாலையை நம்பிக்கையிழப்பின் ஆலை என்றே தலைப்பில் குறித்தது. கயிறு தொங்கிய இடத்திலும் வரிசையின் வேகம் மேலிருந்தே தீர்மானிக்கப்பட்டது. மளிகைக் கடை உவமையில் வாங்குபவர் உண்டு, பண்டம் உண்டு. இரவில் அடுக்கை நிரப்புகிறவர் அதிலும் முழுமையாகத் தென்படவில்லை.

எங்கிருந்து வேண்டுமானாலும் பாடம் கற்கலாம் என்று இன்றைய பயிலரங்குகள் சொல்கின்றன. உண்மைதான். கற்கும்போது உவமையைச் சோதிக்கும் புலவரின் கண்டிப்பும் உடன் இருக்க வேண்டும். எது பொருந்துகிறது என்று பார்த்த பிறகு, எவர் விடுபட்டார் என்றும் கேட்க வேண்டும். சிகாகோவில் அக்கேள்வியைக் கேட்டவர் ஒரு நாவலாசிரியர். டொயோட்டாவில் கேட்டவர் ஓர் இதழாளர். எழுத்தை நேசிக்கும் நாம் தொழில் வரலாற்றையும் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.