வீட்டுக்குப் போகணும்னு சொன்ன இன்ஜினியர்

பன்னாட்டு கம்பெனிங்க ஆராய்ச்சி வேலையை ஏன் வேற நாட்டுல வைக்கிறாங்க? "சம்பளம் கம்மி, அவ்வளவுதான்"னு என் டீம்லயே பாதி பேர் சொல்வாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன், இன்டெல் கதையைப் படிக்கிற வரைக்கும்.

1971-ல இபிராம் மெமரி சிப்பைக் கண்டுபிடிச்சவர் டோவ் ஃப்ரோமன். கரன்ட் போனாலும் அதுல எழுதினது அழியாது. அழிக்கணும்னா புற ஊதா ஒளி காட்டணும். இன்டெல்லுக்கு நல்லா காசு கொட்டின சரக்கு. ஆனா மனுஷனுக்குத் தான் வளர்ந்த இஸ்ரேலுக்கே திரும்பிப் போகணும். இங்க கலிஃபோர்னியாவுல சிப் டிசைன் தெரிஞ்ச ஆள் கிடைக்கிறதே கஷ்டம். அவரை விட மனசில்லாம, 1974-ல ஹைஃபாவில் சின்னதா ஒரு டிசைன் சென்டர் போட்டாங்க. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல்லுக்கு அதுதான் முதல். டெக்னியான் பல்கலைக்கழகமும் அதே ஊர்தான், ஆளுக்குப் பஞ்சமில்லை. 1981-ல வந்த ஐபிஎம் பிசிக்குள்ள இருந்த 8088 சிப் ஹைஃபா வேலை.

எனக்குப் பிடிச்சது இதுக்கு அப்புறம் நடந்தது. 2000 வாக்கில் தலைமையகம் கிளாக் வேகத்தையே துரத்திக்கிட்டு இருந்துச்சு. பென்டியம் 4 அடுப்பு மாதிரி சூடாகும். ஹைஃபா டீம் லேப்டாப்புக்காக வேற வழி புடிச்சாங்க: கிளாக் வேகம் குறைவு, ஆனா ஒவ்வொரு சுற்றிலும் நடக்குற வேலை அதிகம், பேட்டரியும் நிக்கும். 2003-ல வந்த பென்டியம் எம் அதுதான். கிகாஹெர்ட்ஸ் நம்பரைக் காட்டியே வித்துப் பழகின கம்பெனிக்கு எவ்வளவு தர்மசங்கடம்! சம்பள மிச்சத்துக்கு மட்டும் வெச்ச ஆபீஸ் தலைமையகத்தோட இப்படி முரண்டு பிடிக்குமா?

2006-ல டெஸ்க்டாப்பும் பென்டியம் 4 பாதையை விட்டு கோர் 2-க்கு மாறுச்சு. அதை வடிவமைச்சதும் ஹைஃபா டீம்தான்.