நெலுவும் பெருங்கண் நீள்வால் சுறாவும்

இலங்கையின் நுவரெலியா மாவட்ட மலைக்காடுகளில் பூக்கும் குறிஞ்சிச் செடி வகைகளை நெலு என்பர். அவற்றுள் சிலவற்றையும் இந்தியப் பெருங்கடலில் வாழும் பெருங்கண் நீள்வால் சுறாவையும் ஒப்பிட வாய்ப்பளிப்பது, இனப்பெருக்கத்துக்கு முந்தைய நீண்ட காத்திருப்பு.

இனப்பெருக்கம்: இந்த நெலு வகைகள் சுமார் 12 ஆண்டுகள் வளர்ந்து, ஒருசேரப் பூத்து, விதையுதிர்த்து மடிகின்றன. அம்மாவட்டத்தின் ஹோர்ட்டன் சமவெளியில் 2013இலும் 2025இலும் பெருமளவில் பூத்தன. பெண் சுறாவும் பருவமடைய ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகும். ஆனால் அது ஒருமுறை ஈன்றதும் இறப்பதில்லை. பல முறை ஈனும். ஓர் ஈற்றில் பொதுவாக இரண்டு குட்டிகளே பிறக்கும்.

உயிர்ச்சூழல்: நெலு மலர்கள் தேனீக்களையும், விதைகள் காட்டுக்கோழிகளையும் ஈர்க்கின்றன. உண்டது போக எஞ்சும் விதைகளே அடுத்த தலைமுறை. சுறாவோ தன் நீண்ட வாலால் மீன்கூட்டத்தை அடித்து மயக்கி இரை பிடிக்கும்.

பாதுகாப்பு: ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. நீள்வால் சுறாக்களைப் பிடிப்பதை இலங்கை 2012இல் தடைசெய்தது. பூக்குமுன் வெட்டப்படும் நெலுவும் ஈனுமுன் வலையில் சிக்கும் சுறாவும் சந்ததி விடாமலே அழிகின்றன. ஆதலால் இரண்டுக்கும் முதிரும்வரை காவல் இன்றியமையாதது.