நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுத்தவரின் பொறுப்பு: 1986 போபால் ஆணையை மீண்டும் படித்தல்

1986 மே 12 அன்று நியூயார்க் தென் மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் போபால் வாயுக்கசிவு வழக்கை இந்திய நீதிமன்றங்களுக்கு விட்டு நீதிபதி ஜான் கீனன் பிறப்பித்த ஆணையைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் அதன் முடிவுரையைத் தாண்டுவதில்லை. போபால் வழக்கை அமெரிக்காவிலேயே வைத்துக்கொண்டால் அது இந்திய நீதித்துறையின் மேல் அந்நிய அளவுகோலைச் சுமத்தும் இன்னுமோர் ஏகாதிபத்தியச் செயலாகிவிடும் என்ற கருத்து அங்கே வருகிறது. அதை இந்திய இறையாண்மைக்குக் காட்டிய உண்மையான மதிப்பு என்று ஏற்றவர்கள் உண்டு. ஒரு பன்னாட்டு நிறுவனத்தைத் தப்பவிட்டதை மறைக்கும் பேச்சு என்று தள்ளியவர்களும் உண்டு. இவ்விரு தரப்பும் ஒரே அனுமானத்தின் மேல் நிற்கின்றன. தனக்குச் சாதகமான நீதிமன்றத்தைத் தேடிப் போனது வாதியான இந்திய அரசு. பிரதிவாதியான யூனியன் கார்பைடு அந்தத் தேர்வை எதிர்த்தது, அவ்வளவே. இந்த அனுமானத்தை ஏற்க இயலாது என்பதே என் வாதம். ஆணையின் அறச்சிக்கல் முடிவுரையில் இல்லை. கீனன் விதித்த மூன்று நிபந்தனைகளிலும், அவற்றுக்கு மேல்முறையீட்டில் நேர்ந்ததிலும் அது இருக்கிறது.

சட்டப் பின்னணியில் ஒன்றை மட்டும் நினைவூட்ட வேண்டும். வேறொரு நாட்டு நீதிமன்றம் வழக்குக்கு மேலும் பொருத்தமானது என்று கருதும் நீதிமன்றம், தனக்கு அதிகாரம் இருந்தும் வழக்கைக் கைவிடலாம் என்ற ‘ஃபோரம் நான் கன்வீனியன்ஸ்’ கோட்பாடு, 1981இல் பைப்பர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்திடம் புதிய கூர்மை பெற்றது. ஸ்காட்லாந்தில் விழுந்த விமானத்தில் இறந்தவர்களுக்காக அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கு அது. அயல்நாட்டு வாதியின் தேர்வுக்கு உள்நாட்டு வாதியின் தேர்வைவிடக் குறைந்த மதிப்பே உண்டு என்றது தீர்ப்பு. பிரதிவாதிகளும் தங்களுக்கு வசதியான மன்றத்தைத் தேடிக்கொண்டிருக்கலாம் என்பதை அதே தீர்ப்பு ஒப்புக்கொண்டது; ஆனால் ஓர் அடிக்குறிப்பில் ஒப்புக்கொண்டு, அந்தச் சாத்தியம் சாதாரணமாகக் கணக்கில் வர வேண்டியதில்லை என்று கடந்துவிட்டது. வாதியின் நோக்கம் ஆராயப்படும். பிரதிவாதியின் நோக்கம் ஆராயப்படாது. போபால் வழக்கு கீனனிடம் வந்தபோது இந்தச் சாய்வு ஏற்கெனவே சட்டமாகியிருந்தது.

போபாலில் நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் யார்? யூனியன் கார்பைடு ஆலையில் வாயு கசிந்த 1984 டிசம்பர் 2–3 இரவுக்குப் பின் ஒரு வாரம்கூட ஆகாத நிலையில் அமெரிக்க வழக்கறிஞர்கள் மேற்கு விர்ஜீனியாவில் முதல் வழக்கைத் தொடுத்தார்கள். 1985 மார்ச்சில் இயற்றிய சட்டத்தின் மூலம் பாதிக்கப்பட்டோர் அனைவரின் சார்பிலும் வழக்காடும் தனி உரிமையை இந்திய அரசு தனதாக்கிக்கொண்டு, ஏப்ரலில் நியூயார்க்கில் வழக்குப் போட்டது. மூச்சுத்திணறி வாழ்ந்துகொண்டிருந்த போபாலின் ஜெயப்பிரகாஷ் நகர்வாசி எந்த நீதிமன்றத்தையும் தேர்ந்தெடுக்கவில்லை. தன் சொந்த நீதிமன்றங்கள் இந்த வழக்கைத் தாங்கமாட்டா என்று ஓர் இறையாண்மை அரசே அயலார் முன் வாதிட்டது எனக்கும் உறுத்தலான செய்திதான். அந்த அரசுக்காகப் பிரமாணப் பத்திரம் அளித்த பேராசிரியர் மார்க் கலாந்தர், இந்திய நீதிமன்றங்களில் ஊறிப்போன தாமதத்தையும் தீங்கியல் சட்டத்தின் வளர்ச்சிக் குறைவையும் எடுத்துரைத்தார். யூனியன் கார்பைடு தரப்பில் நானி பல்கிவாலா இந்திய நீதித்துறையின் திறமைக்குச் சான்று அளித்தார்.

இந்த இரண்டாம் பிரமாணப் பத்திரமே ஒரு தேர்வுச் செயல். இந்திய நீதிமன்றம் போதுமானது என்று சொன்னதன் பலனாகவே நடுவர் குழுவின் இழப்பீடு, தண்டனை இழப்பீடு, விரிவான ஆவண வெளிப்படுத்தல் ஆகிய மூன்றிலிருந்தும் நிறுவனம் விலகிக்கொள்ள முடிந்தது. நியூயார்க்கை மறுத்து போபாலைக் கேட்டுப் பெற்றது அதுவே.

கீனன் இதை ஓரளவு உணர்ந்திருந்தார் என்றே அவருடைய நிபந்தனைகள் காட்டுகின்றன. ஒன்று, யூனியன் கார்பைடு இந்திய நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டு, காலவரம்பு ஆட்சேபத்தைக் கைவிட வேண்டும். இரண்டு, குறைந்தபட்ச உரிய சட்ட நடைமுறைக்கு இணங்க இந்திய நீதிமன்றம் அளிக்கும் தீர்ப்பை நிறைவேற்ற ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று, அமெரிக்க உரிமையியல் விதிகளின்படியான ஆவண வெளிப்படுத்தலுக்கு இணங்க வேண்டும். முந்தைய ஆய்வுகள் இவற்றை அலங்காரம் என்று ஒதுக்கின. என் வாசிப்பு வேறு. நீ கேட்ட நீதிமன்றத்தை உனக்குத் தருகிறேன், அதன் விலையையும் நீயே கொடு என்று இவை மூன்றும் சேர்ந்து சொல்கின்றன. கீனன் இப்படி நேராக எழுதவில்லை. நிபந்தனைகளின் அமைப்பிலிருந்து நான் ஊகிப்பதுதான். ஆனால் வேறு எந்த விளக்கத்திலும் இரண்டாம் நிபந்தனைக்குப் பொருள் கிடைப்பது கடினம்.

விலை கேட்கப்பட்ட தருணம் விரைவிலேயே வந்தது. 1986 நவம்பர் 17 அன்று போபால் மாவட்ட நீதிமன்றம், யூனியன் கார்பைடு தன் சொத்துகளை விற்பதற்கும் பங்காதாயம் வழங்குவதற்கும் இடைக்காலத் தடை விதித்தது. 300 கோடி டாலர் மதிப்புள்ள சொத்தை வில்லங்கமின்றி வைத்திருப்பதாக நிறுவனம் உறுதி தந்ததும் அதே மாத இறுதியில் தடை நீங்கியது. தனக்குப் பிடிக்காத ஆணையை எதிர்கொண்டு, அதே நீதிமன்றத்திடமே நிவாரணமும் பெற முடிந்தது. பல்கிவாலா சான்றளித்த திறமைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. ஆனால் கீனனின் ஆணை மீதான மேல்முறையீட்டில், அமெரிக்காவின் ‘செகண்ட் சர்க்யூட்’ மேல்முறையீட்டு நீதிமன்றத்தில், யூனியன் கார்பைடின் குரல் மாறியது. இந்திய நீதிமன்றங்கள் மாற்று மன்றமாகப் போதுமானவை, ஆனால் அமெரிக்காவில் உள்ள சட்ட நடைமுறைப் பாதுகாப்புகள் அங்கே இல்லை. எனவே இந்திய வழக்கைக் கீனன் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்று அது கேட்டது. வாதியைத் துரத்துவதற்குப் போதுமான நீதிமன்றம், தன்னைக் கட்டுப்படுத்துவதற்குப் போதவில்லை.

1987 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கண்காணிப்புக் கோரிக்கையைக் கடுமையான சொற்களில் நிராகரித்தது. அந்தக் கடுமையைக் கண்டு திருப்தியடையும் வாசிப்புகள், அதே தீர்ப்பு செய்த மற்ற இரண்டையும் போதுமான அளவு பார்க்கவில்லை. அயல்நாட்டுத் தீர்ப்புகளை நிறைவேற்ற நியூயார்க் மாநிலச் சட்டமே வழி செய்கிறது என்று கூறி இரண்டாம் நிபந்தனை நீக்கப்பட்டது. ஆவண வெளிப்படுத்தல் இரு தரப்புக்கும் சமமாக இருக்க வேண்டும் என்று கூறி மூன்றாவதும் தளர்த்தப்பட்டது. சட்ட அளவில் இவை பலவீனமான காரணங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ‘குறைந்தபட்ச நடைமுறை’ என்ற சொல்லாட்சி பின்னாளில் குழப்பம் விளைவித்திருக்கும் என்ற கவலையிலும் நியாயம் உண்டு. ஆயினும் விளைவு ஒன்றே: தேர்வு பிரதிவாதியிடமே நின்றது, அதன் விலையின் பெரும்பகுதி தள்ளுபடியாயிற்று.

சாட்சிகளும் ஆலைப் பதிவேடுகளும் போபாலில்தான் இருந்தன என்ற ஆட்சேபம் எழலாம். உண்மைதான்; எங்கே விசாரிப்பது வசதி என்ற கேள்விக்கு அது விடை. வசதியைக் காட்டி மன்றத்தைப் பெற்றவர் எதற்குக் கட்டுப்பட வேண்டும் என்ற கேள்வியை அது தொடுவதேயில்லை. கட்சிக்காரருக்கு உகந்த நீதிமன்றத்தைத் தேடுவது வழக்கறிஞரின் கடமை என்பதும் இங்கே உதவாது. அந்தக் கடமை இரு தரப்பு வழக்கறிஞருக்கும் பொது. ஒரு தரப்புக்கு மட்டும் அது குற்றமாக எண்ணப்படுவதற்கு அதில் காரணம் இல்லை. இந்திய அரசு கூடுதல் இழப்பீட்டை நாடியே நியூயார்க் போனது என்ற குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை. ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற வாயுக்கசிவில் கூடுதல் இழப்பீடு கேட்பது அறப்பிழையாக எனக்குத் தோன்றவில்லை.

சாதகம் தேடுவதே பிழை என்ற அளவுகோலைக் கைவிட்டால் எதை வைத்து மதிப்பிடுவது? தேடிய நீதிமன்றத்தைப் பற்றி ஒருவர் சத்தியம் செய்து சொன்னது, அந்நீதிமன்றம் அவருக்கு எதிராகத் திரும்பிய பிறகும் அவரைக் கட்டுப்படுத்துகிறதா என்பதே என் முன்மொழிவு. ஒருமுறை சொல்லிப் பலன் பெற்றதை மறுக்கவிடாத முரண்தடைக் கோட்பாட்டைப் பிரதிவாதியின் பிரமாணப் பத்திரத்துக்கும் நீட்டுவதற்குப் புதிய தத்துவம் எதுவும் தேவையில்லை.

மேல்முறையீடு நிலுவையில் இருந்த 1986 டிசம்பரிலேயே, ஓலியம் வாயுக்கசிவு வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் அபாயகரமான தொழில்களுக்கு விதிவிலக்கற்ற முழுப் பொறுப்பை வகுத்தது. கலாந்தர் சுட்டிய குறை, சான்றளிக்கப்பட்ட அதே நீதித்துறையின் கையால் நிரம்பத் தொடங்கியிருந்தது. 1987 டிசம்பரில் போபால் மாவட்ட நீதிமன்றம் 350 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணத்துக்கு ஆணையிட்டது. மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் 1988 ஏப்ரலில் அதை 250 கோடியாகக் குறைத்தாலும், முழுப் பொறுப்புக் கோட்பாட்டைத் துணைக்கொண்டு உறுதி செய்தது. யூனியன் கார்பைடு அதையும் எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது. 300 கோடி டாலருக்கு மேல் கோரப்பட்டிருந்த அந்த வழக்கு 1989 பிப்ரவரி 14 அன்று 47 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. தான் கேட்டு வாங்கிய நீதிமன்றத்தில், ஆலையின் வடிவமைப்புக்கும் பாதுகாப்புக்கும் யார் பொறுப்பு என்ற உரிமையியல் விசாரணையை அந்த நிறுவனம் ஒருநாளும் முழுமையாக எதிர்கொள்ளவில்லை.